மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி

அக்டோபர் 12, சனி

வயிறு எரிகிறது. நாற்பத்திரண்டு மீன்கள்! சாளையில் தொடங்கித் திருக்கை வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் நம் கரையில் என்ன பெயர், அடுத்த கரையில் என்ன பெயர், எந்த மாதம் கிடைக்கும் என்று உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். சேமி என்பதை அழுத்தினால், அமர்வு காலாவதியாகிவிட்டதாம், மறுபடி உள்நுழையவாம். பின்னால் போய்ப் பார்த்தால் வெள்ளைப் பெட்டி. இரண்டரை மணி நேரம் நாசமாய்ப் போயிற்று.

இந்தக் கரை விக்கியை ஆரம்பித்தவன் டைட்டஸ். எங்கள் புன்னைத்துறைப் பையன்தான், இப்போது கொச்சியில் கம்ப்யூட்டர் வேலை. கரைக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை யாரும் திருத்தலாம் என்று ஒரு தளத்தைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். போன் போட்டு நன்றாகத் திட்டினேன்.

"எக்கா, ரொம்ப நேரம் தொறந்து போட்டா அது வெளிய தள்ளிரும். அப்பப்ப சேமிங்க" என்றான்.

அப்பப்பவாம்! பங்குப் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் எழுத்தராக இருக்கிறேன். ஒரு கடிதம் தொலைந்தது என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. இனி ஒரு எழுத்தையும் அந்தப் பெட்டிக்குள் நேராக அடிக்கப் போவதில்லை. எல்லாம் முதலில் நோட்பேடில். முழுப் பக்கமும் அதில் இருக்கும். முடிந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒட்ட வேண்டியது. எவன் தொலைக்கிறான் என்று பார்ப்போம்.

சாயங்காலத்திலிருந்து காற்று சரியில்லை. துணி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. ராத்திரிப் புயலில் கோயில் முன்னால் இருந்த இரண்டு தென்னையும் விழுந்துவிட்டன. கரண்ட் இல்லை. கரைக்குப் பக்கத்தில் போயிருந்த வள்ளங்கள் எல்லாம் விடியும் முன்பே ஏறிவிட்டன. ஆனால் பத்து நாள், பதினைந்து நாள் தங்கல் என்று ஆழக்கடலுக்குப் போன விசைப்படகுகளுக்கு யார் போய்ச் சொல்வது?

அக்டோபர் 14, திங்கள்

பள்ளிக்கு விடுமுறை விட்டு, அலுவலகத்தைத் தகவல் மையமாக்கிவிட்டார் பங்குச்சாமி. எங்களிடம்தான் ஜெனரேட்டர் இருக்கிறது. டைட்டஸ் விக்கியில் ஒரு பக்கம் திறந்தான்: 'வந்த படகு, வராத படகு'. சுற்றியுள்ள ஒன்பது கரைக்காரர்களும் அதில் எழுதலாம். வரிசை எண், படகு, கரை, ஆட்கள், கடைசிச் செய்தி. காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் அதை அச்செடுத்துச் சாமியார் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கொடுக்கிறார். கடலோரக் காவல்படைக் கப்பல்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

பொறுப்பு என்னிடம். போன் மணி நிற்காமல் அடித்ததால் பக்கத்தின் உச்சியில் நானே ஒரு வரி போட்டேன்: 'தகவலைப் போனில் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.' அதற்குப் பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

மொத்தம் நாற்பத்தேழு படகுகள். வரிசை 31, ஆரோக்கிய அன்னை, புன்னைத்துறை. ஓட்டுகிறவர் சிலுவைதாசன். ஐந்து பேர். மற்ற வரிகளை எப்படித் தட்டினேனோ அப்படித்தான் இதையும் தட்டினேன். சிலுவைதாசன் என் கூடப் பிறந்தவர், மூத்தவர். பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. அதற்காக வரியை விட்டுவிட முடியுமா?

மத்தியானம் அவர் மனைவி வந்தாள். ரோசலின் மைனி. என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டாள். "முப்பத்தொண்ணுல ஏதாவது வந்திச்சா?"

"வந்தா இதுல தெரியும்" என்றேன்.

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து மணிவரை அப்படியே இருந்தாள். காபி கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

என் முறை பிரமாதமாக வேலை செய்கிறது. காலையில் முழுப் பக்கத்தையும் நோட்பேடுக்கு எடுத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அதில் திருத்துகிறேன். மணிக்கொரு தரம் விக்கியில் பழையது முழுவதையும் அழித்துவிட்டு என்னுடையதை ஒட்டுகிறேன். இரண்டு முறை நெட் போனது, ஒரு முறை ஜெனரேட்டர் நின்றது. ஒரு எழுத்துகூடப் போகவில்லை.

சில நேரம் ஒரு திரை வந்து தொல்லை கொடுக்கிறது. தொகுத்தல் முரண்பாடாம். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ சேமித்துவிட்டார்களாம். மேலே அவர்களுடையது, கீழே என்னுடையது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? கீழே இருப்பதை மேலே ஒட்டிச் சேமித்துவிடுகிறேன். என்னுடையதுதான் புதியது.

டைட்டஸ் கூப்பிட்டான். "எக்கா, முழுப் பக்கத்தையும் ஒட்டாதீங்க. அந்தந்த வரிசையை மட்டும் தொகுங்க. ரெண்டு மூணு பேரு அவங்க எழுதுனது காணலன்னு சொல்லுதாங்க."

"சேமியை ஒழுங்கா அழுத்தியிருக்க மாட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் காணாமப் போகல?" என்றேன். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு எனக்கு வகுப்பெடுக்கிறான். கொச்சி ஆயிரம் கிலோமீட்டர் இல்லைதான். கோபத்தில் எழுதிவிட்டேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

பன்னிரண்டு படகுகள் கரை சேர்ந்தன. கூச்சலும் அழுகையுமாகப் பள்ளி முற்றமே கலங்கிவிட்டது. நானும் அழுதேன், ஒளிப்பானேன். 31 அதில் இல்லை.

அந்தச் சந்தடியில் ஒரு போன். கல்லடித்துறையிலிருந்து யாரோ லீமா என்ற பெண். நல்ல சின்னக் குரல்.

"எக்கா, நான் போனுல ஒரு வரி எழுதுனேன். நேத்தும் எழுதுனேன். நிக்கவே மாட்டேங்குது."

"முதல்ல நோட்பேடுல எழுதிக்கம்மா. அப்புறம் எடுத்து ஒட்டு. இல்லன்னா இப்படித்தான் போயிரும்."

"ஒட்டுனா நிக்குமா எக்கா?"

"நிக்கும். எனக்கு நிக்குதே."

சரி எக்கா என்று வைத்துவிட்டாள். ஒரு ஆளுக்காவது சரியான முறையைச் சொல்லிக்கொடுத்த திருப்தி.

அக்டோபர் 17, வியாழன்

மைனி இன்றும் பெஞ்சில். மழையில் நனைந்துகொண்டு இருந்ததால் உள்ளே வரச் சொன்னேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். திரையை நான் திருப்பும்போதெல்லாம் அவள் கழுத்தும் கூடவே திரும்பியது.

"தெக்லா, ஒனக்கு அவரு மேல கோவம் போகலியா?" என்று திடீரென்று கேட்டாள்.

என்ன சொல்ல. அப்பா அவருடைய படகில்தான் போனார். போக வேண்டாம், வயசாயிற்று என்று சொன்னேன். சிலுவைதாசன் கூட்டிக்கொண்டு போனார். அலை தூக்கிவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஊர் முழுக்க நிற்கும்போது, 'அப்பாவைக் கொன்னது நீதான்' என்றேன். அவர் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. மைனியிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்? அச்சுக்குத் தாள் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

முரண்பாட்டுத் திரை இன்று நான்கு முறை. எரிச்சல்.

அக்டோபர் 18, வெள்ளி

இடம் தெரிந்த படகுகளைத்தான் முதலில் தேடுகிறார்களாம். யாராவது கடைசியாகப் பார்த்த இடம், வயர்லெஸில் சொன்ன இடம், ஏதாவது ஒன்று வேண்டும். அங்கிருந்து நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுக் கப்பல் போகிறது. இன்னும் பதினெட்டுப் படகுகள் வரவில்லை. பதினாலுக்கு இடம் எழுதியிருக்கிறது. நாலுக்குக் கட்டம் காலி. 31ம் அந்த நாலில் ஒன்று.

காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நாள். படகில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? கரை வந்தவர்களிடம் கேட்டேன். "கேன் ஒடையாம இருந்தா நாலு நாளு போகும். இழுத்துப் பிடிச்சா அஞ்சு" என்றார் ஒருவர். மைனி பக்கத்தில் இருந்தது எனக்கு நினைவில்லை. கேட்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இன்று எனக்கு இருமல். சுக்குக் கசாயம் வைத்தேன், குடிக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் சாமியார் கேட்டார், பன்னிரண்டாம் வரிசைக்கு இடம் எழுதினது யார், அந்தப் படகு கிடைத்துவிட்டது, அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று. யார் எழுதினார்கள் என்பது வரலாறு என்ற பகுதியில் இருக்கும் என்று டைட்டஸ் எப்போதோ சொல்லியிருக்கிறான். நான் அதைத் திறந்ததே இல்லை. திறந்தேன்.

வரிசையாகப் பெயர்கள், நேரம், பக்கத்தில் ஒரு எண். எழுத்து கூடியிருந்தால் பச்சையில் கூட்டல், குறைந்திருந்தால் சிவப்பில் கழித்தல். என் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் சிவப்பு. மணிக்கொரு தரம் சிவப்பு. முதலில் புரியவில்லை. நான் சேர்த்துக்கொண்டல்லவா இருந்தேன்?

பிறகு இது கண்ணில் பட்டது.

லீமா, 15ஆம் தேதி, 11.52. கூட்டல் 148.
தெக்லா, 15ஆம் தேதி, 12.00. கழித்தல் 148.
லீமா, 16ஆம் தேதி, 9.31. கூட்டல் 148.
தெக்லா, 16ஆம் தேதி, 10.00. கழித்தல் 131.
லீமா, 17ஆம் தேதி, 2.56. கூட்டல் 148.
தெக்லா, 17ஆம் தேதி, 3.00. கழித்தல் 148.

அதன் பிறகு லீமா இல்லை.

அந்த வரியை அழுத்தினேன். 'வரிசை 31 ஆரோக்கிய அன்னை. 14ந் தேதி எங்க மாமா படகு வயர்லெசுல கேட்டாங்க. குளச்சலுக்கு மேக்கே 62 கடல்மைல். இஞ்சின் நின்னு போச்சு. தெக்கே ஒழுகிட்டு இருக்காங்க. அஞ்சு பேரும் இருக்காங்க. தண்ணி கொஞ்சம்தான்.'

மைனி எதிரே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவள் எழுந்தாள்.

"என்ன தெக்லா? சொல்லு, என்ன?"

"எடம் கெடச்சாச்சு மைனி."

"எப்ப? இப்பவா?"

சாமியாருக்குப் போன் செய்து எண்களை இரண்டு முறை சொன்னேன், அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பின்பு, முதல் முறையாக, முழுப் பக்கத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரிசையை மட்டும் திறந்து, லீமாவின் வரியை அவள் எழுதியபடியே வைத்தேன். மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. இன்று அதில் எழுதினேன்: 'இந்த வரியை மூன்று முறை அழித்தவள் நான். தெக்லா.'

எண்களைப் பார்த்துக் கப்பல்காரர்கள் கேட்டார்களாம், இது ஐந்து நாள் பழசு, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று. இனி நீரோட்டத்தில் ஒழுகிப்போன தூரம் அதிகம், தேட வேண்டிய பரப்பும் அதிகம்.

அக்டோபர் 20, ஞாயிறு

போன் மடியில். செய்தி இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

மாலை மூன்று நாற்பதுக்குக் கிடைத்தார்கள். எழுதியிருந்த இடத்திலிருந்து வெகு தெற்கே. சாமியார் ஓடி வந்து சொன்னார். மைனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்பு என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னாலதான் தெக்லா. நீ ராப்பகலா உக்காந்து பாத்ததாலதான் எனக்கு அவரு கெடச்சாரு."

கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

சாமியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் உயிரோடு என்றார். செலஸ்டின், கல்லடித்துறை, முப்பத்திரண்டு வயது, வெள்ளிக்கிழமை விடியற்காலை இறந்துவிட்டாராம். தண்ணீர் இல்லாமல். உடலைப் பாயில் சுற்றிப் படகிலேயே வைத்திருந்தார்களாம். சிலுவைதாசன் கடலில் விட மறுத்துவிட்டாராம்.

கல்லடித்துறை. கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். செலஸ்டினின் மனைவி பெயர் லீமாதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

கல்லடித்துறைக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. டைட்டஸ், "எக்கா, இப்ப போகாதீங்க, அந்தத் திரையைப் பாத்தா எவருக்கும் கொழம்பும், தளத்தை நான் ஒழுங்கா அமைச்சிருக்கணும்" என்றான். அவன் எவ்வளவோ முறை சொன்னான். நான்தான் கேட்கவில்லை.

வீட்டில் பெண்கள் நிறைய இருந்தார்கள். லீமா போனில் கேட்ட குரலைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். என் பெயரைச் சொன்னதும், "நோட்பேடு எக்காவா?" என்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாளில் எத்தனை முறை ஒட்டினேன், அந்தத் திரை வந்தபோது எந்தப் பெட்டியை வைத்துக்கொண்டேன், எதைத் தூக்கிப் போட்டேன் என்று. ஒன்றையும் விடவில்லை. நல்ல வேளையாக அழவில்லை. அவள் வீட்டில் போய் நான் அழுதால் அது எவ்வளவு கேவலம்.

அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். அதே வரி. குளச்சலுக்கு மேற்கே அறுபத்திரண்டு.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதி வச்சிட்டுத்தான் ஒட்டுனேன் எக்கா. இன்னும் கெடக்கு பாருங்க. ஒரு எழுத்து போகல." பிறகு கேட்டாள், "அன்னைக்குப் போனு பண்ணேனே. என்ன வரின்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"கேக்கல" என்றேன்.

"வியாழக்கெழமை ஒட்டுனதுக்கப்புறம் நான் திரும்பிப் பாக்கல எக்கா. நிக்கும்னு சொன்னியளே."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நீங்க போங்க எக்கா" என்றாள். வந்தேன்.

அக்டோபர் 23, புதன்

அடக்கம் நாலு மணிக்கு. நான் கல்லறைத் தோட்டத்தின் மதில் பக்கம் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார் சிலுவைதாசன். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாதியாக இளைத்துவிட்டார். உதடெல்லாம் வெடிப்பு.

எல்லாரும் கலைந்த பிறகு அவரிடம் போனேன். மைனி உண்மை தெரியாமல் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பாள் என்று பயம். அதனால் முதலிலேயே சொன்னேன். "செவ்வாக்கிழமையே நீங்க இருந்த எடம் எங்க விக்கி பக்கத்துல எழுதியிருந்திச்சு. நான் அழிச்சிட்டேன். மூணு தடவை."

ஊர் கேட்கும்படி அவர் என்னைச் சொல்லலாம். நான் சொன்ன அதே வார்த்தையை, அதே மாதிரி நிறுத்தி வைத்துச் சொல்லலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிக் கல்லறை மேல் போட்டார்.

"கப்பல் சத்தம் மாதிரி ஏதாவது கேட்டா செலஸ்டின் எந்திரிச்சு உக்காருவான். எல்லாத்துக்கும் எந்திரிச்சான்" என்றார். பிறகு, "அப்பா போன அன்னைக்கு எனக்கு எப்படி இருந்திச்சுன்னு ஒனக்கு இப்பத் தெரியும்லா" என்றார்.

தெரியும் அண்ணே, என்றேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவை அந்த வார்த்தை வாயில் வந்தது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மைனியோடு போனார். நில் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

மூன்று படகுகள் இன்னும் வரவில்லை. பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று சாமியாரிடம் சொன்னேன். "இனிமேதான் நீ கவனமா பாப்பே. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்தின் உச்சியில் நான் போட்டிருந்த வரியை எடுத்துவிட்டு, 'எழுதியது நிற்கவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள்' என்று என் கைப்பேசி எண்ணைப் போட்டேன். நோட்பேடை மூடினேன்.

பிறகு வரிசை 31ஐ மட்டும் திறந்தேன். கடைசிச் செய்திக்கு நேரே முறையாக எழுத வேண்டும் அல்லவா. யோசித்து யோசித்து அடித்தேன்: 'நால்வர் மீட்கப்பட்டனர். திரு. செலஸ்டின் (32) 18ஆம் தேதி கடலில் காலமானார். 23ஆம் தேதி நல்லடக்கம்.' பத்தொன்பது வருஷம் எழுதிய கை, ஒரு பிழை இல்லை. சேமியை அழுத்தினேன்.

திரை வந்தது. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி.

கீழே என்னுடையது. மேலே, இரண்டு நிமிஷத்துக்கு முன் லீமா சேமித்தது: 'செலஸ்டின் வந்துட்டாங்க. அஞ்சு பேரும் கரைக்கு வந்தாச்சு.'

முழுவதையும், ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு முறை படித்தேன். பிறகு கீழ்ப் பெட்டியில் இருந்ததைச் சேமிக்காமல் பக்கத்தை மூடிவிட்டேன்.